அச்சமும் உளவியலும்: மூன்று குழந்தைகளை முன்னிறுத்தி ஒரு நோக்கு

ஆசிரிய கலாசாலைகளிலும் பல்கலைக்கழகக் கல்விப் பீடங்களிலும் உளவியல் பயின்றோர் அப்பாடத்தின் அமைப்பை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். பிராய்டின் உளப்பகுப்பு ஓர் அலகு. வொட்சன், ஸ்கின்னர் முதலியோரின் நடத்தைவாதம் இன்னோர் அலகு. மாஸ்லோ, றோஜர்ஸ் ஆகியோரின் மானிடவாதம் பிறிதோர் அலகு. பியாஜேயும் அறிகைக் கொள்கையினரும் வேறோர் அலகு. ஒவ்வொன்றுக்கும் நிறைகள், குறைகள் என இரு பட்டியல்கள் தரப்படும். எல்லாக் கொள்கைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. சந்தர்ப்பத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்க என்ற அறிவுரையுடன் பாடம் முற்றுப்பெறும். பரீட்சைக்கு இது போதும். ஆனால் வகுப்பறையின் கடைசி வாங்கில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு இது போதுமா?

போதாது என்பதே எமது கருத்து. உளவியற் கோட்பாடுகள் கடைத்தட்டில் அடுக்கிவைத்த பண்டங்கள் அல்ல. மனிதன் என்பவன் யார் என்ற வினாவுக்கு ஒவ்வொரு கோட்பாடும் ஒரு விடையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. துன்பத்தின் காரணம் எங்கே உள்ளது என்பதை அது சுட்டுகிறது. அவ்வாறு சுட்டும்போதே மாறவேண்டியவர் யார் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. காரணம் பிள்ளையின் நெஞ்சுக்குள் இருப்பின் பிள்ளை மாறவேண்டும். பழக்கத்தில் இருப்பின் பழக்கம் மாறவேண்டும். வீட்டிலும் வீதியிலும் ஆட்சியிலும் இருப்பின் மாறவேண்டியவை அவையே. ஆகவே கோட்பாடுகளை ஒப்பிடுவோர், அவை காரணத்தை எங்கே வைக்கின்றன, யாரை மாறும்படி கேட்கின்றன என்பதையே முதலில் வினவ வேண்டும்.

இவ்வினாவைப் பொதுப்பட எழுப்புவதால் அதிக பயன் விளையாது. ஒரே பொருளை எல்லாக் கோட்பாடுகளிடமும் கொடுத்து, அவை அதனை என்ன செய்கின்றன என்று பார்ப்பதே பொருத்தமான முறை. குழந்தையின் அச்சம் அதற்கு உகந்த பொருள். உளவியல் வரலாற்றில் தம் அச்சத்தினாலேயே புகழ்பெற்ற குழந்தைகள் மூவர் உளர். வியன்னாவின் ஹான்ஸ், போல்ற்றிமோரின் அல்பேர்ட், நியூயோர்க்கின் பீற்றர் ஆகிய இம்மூவரையும் பாடநூல்கள் கோட்பாடுகளின் சான்றுகளாக நிறுத்துகின்றன. நாம் அவர்களைக் குழந்தைகளாக நிறுத்திப் பார்ப்போம்.

குதிரைக்கு அஞ்சிய ஹான்ஸ்

1908 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐந்து வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் வியன்னா நகர வீதியில் இறங்க அஞ்சினான். குதிரை தன்னைக் கடித்துவிடும் என்றான். வண்டியிழுக்கும் குதிரை விழுந்துவிடும் என்றான். அவனுடைய தந்தை மாக்ஸ் கிராவ் ஓர் இசை விமரிசகர். பிராய்டின் வட்டத்தைச் சேர்ந்தவர். மகனின் பேச்சுக்களையும் கனவுகளையும் குறித்துப் பிராய்டுக்கு அனுப்பியவர் அவரே. சிகிச்சைக் காலத்தில் பிராய்ட் சிறுவனை ஒரேயொரு முறைதான் நேரிற் கண்டு உரையாடினார். 1909 இல் வெளியான ஆய்வுரையில் அவர் கண்ட முடிவு இது: குதிரை தந்தையின் உருவகம், தாயைத் தனக்கே உரியவளாக்க விழையும் குழந்தை, போட்டியாளனாகிய தந்தை தன்னைத் தண்டிப்பான் என அஞ்சுகிறது, அவ்வச்சம் நனவிலி மனத்திற் புதையுண்டு, குதிரையின் மீது இடம்பெயர்ந்து வெளிப்படுகிறது.

இவ்வாய்வின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. குழந்தையின் பேச்சு வெறும் பிதற்றல் என்று தள்ளப்பட்ட ஒரு காலத்தில், அது செவிமடுத்து எழுதிவைக்கத் தக்கது என ஒரு மருத்துவர் கருதினார். அதட்டியும் அடித்தும் அடக்கவேண்டியதாக எண்ணப்பட்ட அச்சத்துக்குப் பொருள் உண்டு என்றார். தம் சிகிச்சை செல்வர்க்கு மாத்திரம் கிட்டும் நிலை மாறவேண்டும், வறியோருக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்று 1918 இல் புடாபெஸ்ற் நகரில் நடந்த மாநாட்டில் பேசியவரும் அவரே. பெர்லினில் 1920 இலும் வியன்னாவில் 1922 இலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன.

ஆயினும் ஹான்ஸ் பற்றிய குறிப்பிலேயே வேறு சில செய்திகளும் உள்ளன. அவன் வீட்டுக்கு எதிரே சுங்கப் பண்டசாலை இருந்தது. சுமை வண்டிகள் ஓயாது வந்துபோயின. பெரிய வண்டியொன்றை இழுத்த குதிரை வீதியில் விழுந்து கால்களை உதைத்ததை அவன் கண்ணாற் கண்டான். மூன்றரை வயதில், தன் உறுப்பைத் தொட்ட குற்றத்துக்காக, மருத்துவரை அழைத்து அதனை வெட்டுவிப்பதாகத் தாயே அவனை மிரட்டியிருந்தாள். வோல்ப்பே, றக்மன் என்னும் இரு ஆய்வாளர் 1960 இல் இந்த வரலாற்றை மீளாய்வு செய்து, விழுந்த குதிரையைக் கண்டமையே அச்சத்துக்குப் போதிய விளக்கம் என்றனர். இவையனைத்தும் பிராய்டுக்குத் தெரிந்த செய்திகளே, அவரே எழுதிவைத்தவை. இருந்தும் உண்மையில் விழுந்த குதிரையும் உண்மையில் விடுக்கப்பட்ட மிரட்டலும் குழந்தையின் உள்ளார்ந்த விருப்பத்துக்குக் கீழ்ப்பட்ட துணைச் செய்திகள் ஆயின.

இது தற்செயலன்று. தம்மிடம் வந்த நோயாளர் கூறிய குழந்தைப்பருவப் பாலியற் கொடுமைகளே நோயின் காரணம் என்ற தமது முந்திய கருத்தைப் பிராய்ட் 1897 அளவிற் கைவிட்டார். அதன் பின்னர் அவரது நோக்கின் திசை நிகழ்ச்சியிலிருந்து கற்பனைக்கு, உலகிலிருந்து உள்ளத்துக்குத் திரும்பியது. அத்திசையிலே பல ஆழங்களை அவர் கண்டார் என்பது உண்மை. ஆனால் வீதியில் என்ன நடந்தது என்ற வினா பின்னுக்குத் தள்ளப்பட்டதும் உண்மையே.

எலிக்கு அஞ்சவைக்கப்பட்ட அல்பேர்ட்

உளப்பகுப்பின் இருண்ட அறைகளை எல்லாம் இடித்துத் தள்ளி, வெளிச்சத்தில் அளக்கக்கூடியதை மாத்திரம் ஆராய்வோம் என்று புறப்பட்டது நடத்தைவாதம். 1913 இல் அதன் கொள்கைப் பிரகடனத்தை வெளியிட்டவர் ஜோன் வொட்சன். நாய்களின் உமிழ்நீரைக் கொண்டு பவ்லோவ் நிறுவிய நிபந்தனைப்படுத்தல் விதி மனித உணர்ச்சிக்கும் பொருந்தும் என்று காட்ட அவர் விரும்பினார். அதற்குக் கிடைத்த குழந்தைதான் அல்பேர்ட்.

அல்பேர்ட்டின் தாய் போல்ற்றிமோர் நகரில் பிள்ளைகளுக்கான மருத்துவமனையொன்றிற் பால்கொடுக்கும் தாதியாக வேலை பார்த்தவள். குழந்தையும் அங்கேயே வளர்ந்தது. ஒன்பது மாத வயதில் அது வெள்ளெலிக்கோ முயலுக்கோ அஞ்சவில்லை. பதினோராவது மாதத்தில், அது எலியைத் தொடக் கைநீட்டியபோது, தலைக்குப் பின்னால் தொங்கவிடப்பட்ட இரும்புத் தண்டொன்று சுத்தியலால் ஓங்கி அடிக்கப்பட்டது. ஏழு முறை இவ்வாறு செய்த பின்னர் எலியைக் கண்ட மாத்திரத்தே குழந்தை அழுதது, விலகித் தவழ்ந்தது. முயல், நாய், உரோம மேலங்கி ஆகியவற்றுக்கும் அவ்வச்சம் பரவியதாக வொட்சனும் றேய்னரும் 1920 இல் எழுதினர். பாடநூல்கள் கூறுமளவுக்கு இம்முடிவுகள் திட்டவட்டமானவை அல்ல என்று பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். ஊட்டிய அச்சத்தை நீக்குவதற்கு முன்னரே குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றது என்பதையும் அக்கட்டுரையே ஒப்புக்கொள்கிறது.

கட்டுரையின் இறுதியில் வொட்சன் பிராய்டியரைக் கேலி செய்கிறார். இக்குழந்தை வளர்ந்து உரோம அங்கிக்கு அஞ்சும் மனிதனாகி அவர்களிடம் சென்றால், அவனது கனவொன்றைப் பிடித்து அவர்கள் பாலியற் கதை கட்டுவார்களே அன்றி, உண்மையில் நிகழ்ந்ததை அறியமாட்டார்கள் என்பது அக்கேலியின் சாரம். கேலி கூர்மையானது. ஹான்ஸ் பற்றி நாம் மேலே கூறிய குறையையே அது தொடுகிறது. ஆனால் வொட்சன் காணாத ஒன்று உண்டு. அல்பேர்ட்டின் அச்சத்துக்குக் காரணம் எலியும் ஓசையும் இணைந்தமை என்கிறார் அவர். எலியும் ஓசையும் தாமாக இணையவில்லை. தண்டை அடித்த கை ஒன்று இருந்தது. அக்கைக்கு அந்த உரிமையை ஒரு நிறுவனம் வழங்கியது. தூண்டல், துலங்கல் என்ற இரு சொற்களுக்கு நடுவே அந்தக் கை மறைந்துவிடுகிறது.

1920 இற் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்த வொட்சன் விளம்பர நிறுவனமொன்றிற் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் உபதலைவருள் ஒருவரானார். இதனைத் தனிமனிதரின் தொழில்மாற்றமாக மாத்திரம் கருதலாகாது. மனிதனுள் அச்சத்தையும் ஆசையையும் புறத்தேயிருந்து பொருத்தலாம் என்ற கொள்கைக்கு முதலாளித்துவச் சந்தையிலே ஆயத்தமான ஓரிடம் இருந்தது.

முயலுக்கு அஞ்சிய பீற்றர்

மூன்றாவது குழந்தையின் கதையைப் பலர் அறியார். மூன்றினும் ஆசிரியர்க்கு மிகவும் வேண்டிய கதை அதுவே. வொட்சனின் ஆலோசனையுடன் ஆய்வு நடத்திய மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண்மணி, அச்சத்தை ஊட்டுவதை விட்டு அதனை நீக்கும் வழியைத் தேடினார். பீற்றருக்கு அப்போது இரண்டு வயதும் பத்து மாதமும். முயல், எலி, உரோமம், பஞ்சு எல்லாமே அவனுக்கு அச்சந்தந்தன. முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளோடு அவனை விளையாடவிட்டார் ஜோன்ஸ். அவன் விரும்பியதை உண்ணும் வேளையில் கூட்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் அருகே கொணர்ந்தார். இடையில் பீற்றர் செங்காய்ச்சலால் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அங்கிருந்து திரும்பும் வழியில் பெரிய நாயொன்று பாய்ந்தமையால் அச்சம் முழுதாக மீண்டது. ஜோன்ஸ் மீண்டும் தொடங்கினார். முடிவில் முயல் தன் விரல்களைக் கடிக்கும்படி விட்டுச் சிரிக்கும் நிலைக்குப் பீற்றர் வந்தான். 1924 இல் வெளியான இவ்வாய்வு, அச்சத்துக்கான நடத்தைச் சிகிச்சை முறைகள் யாவற்றுக்கும் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

பாடநூற் கதை இங்கே நின்றுவிடும். ஜோன்ஸின் கட்டுரை நிற்கவில்லை. பீற்றரின் வீடு எப்படிப்பட்டது என்பதையும் அவர் எழுதினார். தாய், தந்தை, ஒன்பது வயதுத் தமையன், பீற்றர் ஆகிய நால்வருக்கும் ஒரேயோர் அறை. தந்தையின் உழைப்பு வாரம் 25 டொலர். மூத்த சகோதரி ஒருத்தி இறந்துபோயிருந்தாள். தாய் எதைப் பேசத் தொடங்கினாலும் கண்ணீர் வடிப்பவள். பிள்ளையை அடக்கி வைப்பதற்கு அவளிடம் இருந்த கருவி அச்சுறுத்தல் ஒன்றே. வெளியே நின்றால் யாரோ உன்னைக் களவாடிச் செல்வர் என்று சொல்லியே அவனை உள்ளே அழைப்பாள்.

ஆய்வுகூடத்தில் முயல் பற்றிய அச்சம் நீங்கிற்று. ஓரறை வீட்டில் அச்சம் நாள்தோறும் உற்பத்தியாயிற்று. இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதிய நேர்மைக்காக ஜோன்ஸை நாம் போற்றவேண்டும். ஆனால் அவர் சார்ந்திருந்த கோட்பாட்டில் முதலாவதற்கு மாத்திரமே இடமிருந்தது. இரண்டாவது, பின்னணித் தகவல். தாயைக் குறை கூறுவதும் எளிது. ஒரு பிள்ளையை இழந்து, ஓரறையில் நால்வருக்கு வாழ்வு நடத்தும் ஒருத்திக்கு அச்சுறுத்தலன்றி வேறு கருவி எது எஞ்சியிருந்தது என்று கேட்பதற்குத் தூண்டல், துலங்கல் என்ற சொற்கள் உதவமாட்டா.

அச்சம் நோயா, அறிவா?

மூன்று கதைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலனாகிறது. கோட்பாடுகள் ஒன்றையொன்று மறுத்தாலும், குழந்தையின் அச்சம் ஒரு கோளாறு என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆனால் வியன்னா வீதியிற் குதிரை விழுந்தது. அல்பேர்ட்டின் பின்னால் தண்டு முழங்கியது. பீற்றரின் தாய் மிரட்டினாள். மூவரும் இல்லாததற்கு அஞ்சவில்லை. இருந்த ஒன்றை இடம்மாற்றி அஞ்சினர். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் இயல்பாகக் கொண்டவர் வள்ளுவர். அச்சத்தை நோயெனக் கொள்ளுமுன் அது எதைப் பற்றிய அறிவு என்று கேட்பதே முதற்படியாதல் வேண்டும்.

முதலாம் உலகப் போர் இதற்கு ஒரு சான்று தந்தது. போர்முனையில் நடுக்கமும் ஊமையும் உற்ற படைவீரர்க்கு ஆஸ்திரிய, ஜேர்மன் மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுத்தனர். நோய் தரும் வேதனையை விடச் சிகிச்சை தரும் வேதனை மிகுமாயின் வீரன் மீண்டும் முனைக்குச் செல்வான் என்பதே அதன் தருக்கம். 1920 இல் வியன்னாவில் நடந்த விசாரணையிற் கருத்துக் கேட்கப்பட்ட பிராய்ட், போர்முனைக்குப் பின்னே நின்று ஓடிவருவோரைத் திருப்பி விரட்டும் இயந்திரத் துப்பாக்கியின் பணியையே அம்மருத்துவர் செய்தனர் என்ற கருத்துப்பட எழுதினார். சாவுக்கு அஞ்சிய மனிதனைக் கோளாறுற்றவனாக்கி, அவனைச் சாவுக்கு அனுப்பிய அரசைச் சுகமுள்ளதாகக் கொண்ட மருத்துவத்தை அவர் அன்று இனங்கண்டார். தம் கோட்பாட்டுக்கு வெளியே நின்றபோது அவர் கண்ட உண்மை அது.

எமது நாட்டின் வடக்கு, கிழக்கில் போர்க்காலத்தில் வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. விமான இரைச்சல் கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளை நோயாளியல்லன். அந்த ஓட்டம் உயிரைக் காத்தது. ஆனால் பிரச்சினை அத்துடன் முடிவதில்லை. 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்த பின்னரும் பட்டாசு ஒலிக்கு உடல் துணுக்குறுமாயின், அன்று அறிவாக இருந்தது இன்று சுமையாகியுள்ளது. காரணம் நீங்கிய பின்னும் அச்சம் தொடர்ந்து வாழும் என்பதும் உண்மை. கோட்பாடுகளின் பயன் தொடங்கும் இடம் இதுவே. முதல் உண்மையை மறப்பவர் பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்குவர். இரண்டாவதை மறப்பவர் அவரைத் துணையின்றி விட்டுவிடுவர்.

உள்ளத்துக்குள்ளே மீண்டும் ஒரு பயணம்

நடத்தைவாதத்தின் வறட்சிக்கு எதிராக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு கோட்பாடுகள் வலுப்பெற்றன. ஒன்று மானிடவாத உளவியல். கார்ல் றோஜர்ஸ் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் றொச்செஸ்ரர் நகரில் அல்லலுற்ற பிள்ளைகளிடையே பணிபுரிந்தவர். நிபந்தனையின்றி ஏற்றுக்கொள்ளும் ஒரு மனிதரின் முன்னிலையில் எவரும் வளர முடியும் என்ற அவர் கருத்து, பிரம்பையும் புள்ளியையும் நம்பிய கல்விமுறைக்கு ஓர் அறைகூவலாக அமைந்தது. ஆபிரகாம் மாஸ்லோ 1943 இல் வகுத்த தேவைகளின் படிநிலையில், உடற்தேவைக்கு அடுத்ததாகப் பாதுகாப்பை வைத்தார். அதுவும் சரியே. பாதுகாப்பைப் பறிப்பவர் யார் என்ற வினா மாத்திரம் அப்படிநிலையில் எங்கும் இல்லை. 1962 இல் கலிபோர்னியாவின் மின்னணுத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்த மாஸ்லோ, தம் குறிப்புகளைத் தொழில் முகாமைத்துவம் பற்றிய நூலாக 1965 இல் வெளியிட்டார். மனிதனின் முழுமலர்ச்சி என்ற இலட்சியம், ஊழியரிடமிருந்து உற்சாகமான உழைப்பைப் பெறும் வழியாகவும் பயன்படத் தொடங்கிற்று.

மற்றையது அறிகை உளவியல். மொழியைத் தூண்டல், துலங்கல்களால் விளக்க முற்பட்ட ஸ்கின்னரின் நூலை நோம் சொம்ஸ்கி 1959 இல் விமரிசித்த பின்னர், மனத்தின் உள்ளமைப்பைப் பேசுவது மீண்டும் விஞ்ஞானமாயிற்று. குழந்தை உலகைப் பொருள்கொள்ளும் முறை வளர்ந்தோரின் முறையினின்றும் வேறானது என்று பியாஜே முன்னரே காட்டியிருந்தார். 1960களில் ஆரொன் பெக் வகுத்த சிகிச்சை முறை, பொருளன்று, அப்பொருளுக்கு நாம் கொடுக்கும் விளக்கமே அச்சந்தருகிறது என்ற அடிப்படையிலெழுந்தது. பிற்காலத்தில் நடத்தைவாத முறைகளோடு இணைந்த இச்சிகிச்சை பலரின் அச்சத்தைத் தணித்துள்ளது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அது எவ்வாறு அரசுக் கொள்கையாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். 2006 இல் பிரித்தானியாவில் பொருளியலாளர் றிச்சர்ட் லெயார்ட் முதலியோர் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சைக்காகும் செலவு, குணமானோர் வேலைக்குத் திரும்பி அரசின் உதவிப்பணம் குறைவதனால் ஈடாகிவிடும் என வாதிட்டது. 2008 இல் அதற்கான தேசியத் திட்டம் தொடங்கியது. வேலையிழந்தவரின் கவலை, வேலையின்மையின் விளைவு என்பதை விட அவரது சிந்தனையின் பிழை என்று பார்க்கப்படும் அபாயம் இங்கே உள்ளது. உள்ளத்துக்குள் மீண்டும் நுழைந்த உளவியல், நுழைந்த பின் கதவைச் சாத்திக்கொண்டது.

இருவரிடையே பிறக்கும் மனம்

உள்ளத்தையும் உலகையும் பிரித்து வைத்துவிட்டு, எது முதன்மையானது என வாதிடுவதே தவறு என்று கூறிய ஒருவர் சோவியத் நாட்டில் இருந்தார். காசநோயால் 1934 இல், தமது 37 ஆம் வயதில் மறைந்த லெவ் வைகொட்ஸ்கியே அவர். மனித மனத்தின் உயர் செயல்கள் யாவும் முதலில் இருவரிடையே நிகழ்ந்து, பின்னரே ஒருவருள் இடம்பெறுகின்றன என்பது அவரது கொள்கை. எட்டாத பொருளை நோக்கிக் குழந்தை கைநீட்டுகிறது. தாய் அதனைச் சுட்டுதலாகப் பொருள்கொண்டு எடுத்துக் கொடுக்கிறாள். அதன் பின்னரே கைநீட்டல் குழந்தைக்கும் சுட்டுதலாகிறது.

அச்சத்துக்கும் இது பொருந்தும் என்பதை அமெரிக்காவில் 1985 இல் வெளியான ஆய்வொன்று அழகாகக் காட்டியது. கண்ணாடித் தளத்தின் கீழே சிறு பள்ளம் தெரியும்படி அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகள் தாயை நோக்கித் தவழவிடப்பட்டன. தாய் மகிழ்ந்த முகங்காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைக் கடந்தன. தாய் அஞ்சிய முகங்காட்டிய 17 குழந்தைகளில் ஒன்றேனும் கடக்கவில்லை. அச்சம் பள்ளத்தில் மாத்திரமும் இல்லை. குழந்தையின் தலைக்குள் மாத்திரமும் இல்லை. உலகப் போர்க்காலத்து இலண்டனில் குண்டுவீச்சுக்குள்ளான பிள்ளைகளைப் பராமரித்த அன்னா பிராய்டும் டொரொத்தி பேர்ளிங்ஹாமும் 1943 இல் இதற்கு இசைவான முடிவையே எழுதினர். குண்டின் முழக்கத்தை விடத் தாயின் பதற்றமும், தாயைப் பிரிதலும் பிள்ளைகளை மிகுதியாக வருத்தின. பிராய்டின் மகளே வீதிக்கும் வீட்டுக்கும் திரும்ப நேர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

வைகொட்ஸ்கி 1927 இல் எழுதி, நெடுங்காலம் அச்சேறாது 1982 இல் வெளிவந்த ஆய்வொன்றில் உளவியற் கொள்கைகளின் நெருக்கடியை ஆராய்ந்தார். ஒவ்வொரு கொள்கையும் ஓர் உண்மையான கண்டுபிடிப்போடு தொடங்குகிறது, அயற்றுறைகளுக்குப் பரவுகிறது, இறுதியில் அனைத்தையும் விளக்கும் உலகநோக்காகத் தன்னை ஊதிப் பெருப்பிக்கிறது, அவ்வளவில் எருதாக முயன்ற தவளையின் கதியை அடைகிறது என்றார். இதனையே நாம் மூன்று குழந்தைகளிடமும் கண்டோம். நனவிலி உண்மை, நிபந்தனைப்படுத்தல் உண்மை, விளக்கத்தின் ஆற்றலும் உண்மை. பகுதி முழுமையாக நடிக்கும்போதே பொய் தொடங்குகிறது.

இதனைச் சமுதாயத் தளத்துக்கு எடுத்துச் சென்றவர் ஃபிரான்ஸ் ஃபனோன். 1953 இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையிற் பொறுப்பேற்ற அவர், பிரான்சிற் கற்ற குழுச் சிகிச்சையை அங்கு புகுத்தினார். ஐரோப்பியப் பெண்களின் விடுதியில் அது வெற்றிபெற்றது. முஸ்லிம் ஆண்களின் விடுதியிற் படுதோல்வியடைந்தது. குறை நோயாளரிடம் அன்று, அவர்தம் பண்பாட்டை அறியாத தமது முறையிடமே என்று ஃபனோன் கண்டு, கோப்பிக் கடையும் கதைசொல்லியும் பெருநாளும் கொண்ட வாழ்வை விடுதிக்குள் கொணர்ந்தார். ஒரு மக்களையே தம் மண்ணில் அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் தனிமனிதரைக் குணமாக்குவதன் எல்லையையும் உணர்ந்து, 1956 இற் பதவியைத் துறந்தார்.

எமது நாட்டிலும் இத்திசையில் பெறுமதிமிக்க பணி நடந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூல், போர் தமிழ் மக்களின் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்தது. 2014 இல் வெளிவந்த அவரது நூல், வடுப்பட்டது தனிமனிதர் மாத்திரமன்றிச் சமுதாயமுமாகும் என்ற நிலைக்குச் சென்றது. குடும்பமும் ஊரும் சிதைந்தால், ஒவ்வொருவராக அழைத்து ஆறுதல் கூறுவது போதாது. சிதைந்த உறவுகள் மீளக் கட்டப்படவேண்டும் என்ற இந்நோக்கு, மேலைப் பாடநூல்களைத் திருப்பிச் சொல்லாது எமது அனுபவத்திலிருந்து எழுந்தது.

எம்மவர் தவறுகள்

சமுதாய நோக்கு உடையோர் தம் பக்கத்துத் தவறுகளை மறைப்பது கூடாது. சோவியத் கட்சியின் 1936 ஆம் ஆண்டுத் தீர்மானம் குழந்தையியல் என்ற துறையையே ஒழித்தது. வைகொட்ஸ்கியின் எழுத்துக்கள் 1956 வரை மறுபதிப்புக் காணாமல் முடங்கின. 1950 இல் பவ்லோவின் பெயரால் நடந்த கூட்டம், ஒரு விஞ்ஞானியின் விதியை அரசின் ஆணையாக்கிற்று. பின்னர் ஆட்சியை விமரிசித்தோருக்கு உளநோய் கற்பித்து மருத்துவமனைகளில் அடைத்த கொடுமையும் நிகழ்ந்தது. அதனால் எழுந்த கண்டனத்தின் நடுவே 1983 இல் சோவியத் உளமருத்துவர் சங்கம் உலக அமைப்பிலிருந்து விலகியது. போர்வீரனின் அச்சத்தை நோயாக்கிய அரசுக்கும், குடிமகனின் துணிவை நோயாக்கிய அரசுக்கும் இவ்விடயத்திற் பெரும் வேறுபாடில்லை. மார்க்சின் மேற்கோள்களை ஒட்டிவைத்து உளவியல் ஆக்கமுடியாது என்று வைகொட்ஸ்கி அன்றே எச்சரித்திருந்தார்.

இன்னொரு தவறு எமக்கு மேலும் அண்மையில் உள்ளது. சமுதாயம் மாறினால் அச்சம் தானே மறையும் என்பார் சிலர். பீற்றரின் ஓரறை வீடு மாறவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மேரி கவர் ஜோன்ஸ் அந்நாள் வரை காத்திருந்தாரல்லர். முயலை ஒவ்வோர் அடியாக அருகே நகர்த்தினார். சமுதாய விடுதலையைப் பேசுவோர், நடுங்கும் பிள்ளையின் இன்றைய இரவைக் கடத்தும் உதவியை அற்பமெனக் கருதுவாராயின், அவர்தம் கோட்பாடும் ஊதிப்பெருத்த தவளையே.

வகுப்பறைக்கு மீளுதல்

இனிக் கடைசி வாங்குப் பிள்ளையிடம் திரும்புவோம். ஆசிரியர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இப்பிள்ளை எதற்கு அஞ்சுகிறது, அது இன்னும் இருக்கிறதா என்பது முதலாவது. இருக்குமாயின் அதனை அகற்ற யாருடன் சேர்ந்து, யாரிடம் போராட வேண்டும் என்பது இரண்டாவது. அது நீங்கிய பின்னும் அச்சம் எஞ்சுமாயின், பிராய்டின் செவியும் ஜோன்ஸின் பொறுமையும் றோஜர்ஸின் ஏற்பும் பெக்கின் ஆராய்ச்சியும் எந்த அளவில் உதவும் என்பது மூன்றாவது. வரிசை முக்கியமானது. மூன்றாவது வினாவிலிருந்து தொடங்கும் உளவியல், அறியாமலே அச்சுறுத்துவோரின் பக்கம் நின்றுவிடுகிறது.

முதல் வினாவுக்கு விடை தேடுகையில் எமக்குச் சங்கடமான விடைகளும் கிடைக்கலாம். வறிய பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறக்கும் நோக்குடன், இலவசக் கல்வியின் துணையாக வந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்று பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எத்தகைய அச்சமாகியிருக்கிறது என்பதை ஆசிரியர் அறிவர். உடற்தண்டனையைச் சுற்றறிக்கைகள் தடுத்துள்ளன. பிரம்போ இன்னும் எல்லா வகுப்பறைகளையும் விட்டுப் போய்விடவில்லை. அன்று பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் பலர் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். தாம் சுமந்த அச்சத்தைத் தம்மை அறியாமலே அடுத்த தலைமுறையின் முன்னால் முகத்தில் காட்டுவோரும் அவருள் இருப்பர். அவர்களுக்கும் உதவி வேண்டும்.

அல்பேர்ட்டின் கதையைப் படிக்கும் மாணவர் எலியை நினைவில் வைத்திருக்கின்றனர். முயலையும் உரோம அங்கியையும் நினைவில் வைத்திருக்கின்றனர். பரீட்சையில் அவற்றை ஒழுங்காக எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். தண்டு யாருடைய கையில் இருந்தது என்று அவர்களைக் கேட்க வைப்பதே உளவியல் கற்பிப்போரின் கடமை. அக்கேள்வியைத் துணிந்து கேட்கும் மாணவர் ஒரு நாள் எமது கையையும் நோக்குவர். அப்போது அது வெறுங்கையாக இருத்தல் வேண்டும்.